தம்பி, லேப்டாப் வாங்கும் முன்

திருவொற்றியூர்
மார்ச் 2026



அக்கா எழுதுகிறேன். நீ அம்மாவிடம் போனில் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. கம்பைலரை சோர்ஸிலிருந்து கட்ட அரசு கொடுத்த லேப்டாப் தாங்காது, 80 ஆயிரத்துக்கு ஒரு கேமிங் லேப்டாப் வேண்டும், தவணையில் எடுத்துக்கொள்ளலாம் என்றாயாம். அப்பா உன்னிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் மறுநாளே காசிமேட்டு வொர்க்‌ஷாப்பில் முன்பணம் கேட்டிருக்கிறார். அதனால்தான் வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நீ கட்டப்போவது என்ன, அது எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கு.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையே எடுத்துக்கொள்வோம். ‘கில்டு’ என்று ஒரு சொல், பக்கத்தில் ‘சிசி1பிளஸ்’ என்று ஒரு பெயர். சிசி1பிளஸ் என்பது ஜி.சி.சி. கம்பைலருக்குள் இருந்து சி++ கோடை மொழிபெயர்க்கிற ப்ரோக்ராம். அதைக் கொன்றது லினக்ஸ் கெர்னல். ராம் தீர்ந்து, அதற்கு உதவியாக டிஸ்கில் ஒதுக்கிய ஸ்வாப்பும் தீர்ந்து, இனி இடமே இல்லை என்றானால் மெஷின் முழுவதும் உறைந்துபோகாமல் இருக்க, அதிகம் தின்னும் ப்ராசஸ் ஒன்றைக் கெர்னல் பிடித்து முடித்துவிடும். ‘டிமெசேஜ்’ கட்டளையைக் கொடுத்துப் பார், அவுட் ஆஃப் மெமரி என்று பெயரோடு எழுதி வைத்திருக்கும். உன் ப்ராசஸர் பலவீனமானது என்பதற்கு இதில் எந்தச் சாட்சியும் இல்லை.

ராம் ஏன் தீர்ந்தது? நீ அடித்த கட்டளையை உற்றுப் பார். மேக் என்று போட்டு, ஹைபன் ஜே போட்டு, பக்கத்தில் எண் போடாமல் விட்டிருக்கிறாய். எண் இல்லாத ஜே என்றால் கணக்கே கிடையாது. தயாராக இருக்கிற வேலை அத்தனையையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். நீ கட்டும் எல்.எல்.வி.எம். கம்பைலரில் ஆயிரக்கணக்கில் சி++ ஃபைல்கள். பெரிய ஃபைல் ஒன்றுக்கு ஒரு ஜி.பி. வரைகூடப் போகும். 8 ஜி.பி. மெஷின் எப்படித் தாங்கும்? 80 ஆயிரத்து மெஷினில் 16 ஜி.பி. இருக்கும். அதிலும் இதே கட்டளையை அடித்தால் இதே சொல்தான் வரும், இரண்டு நிமிடம் தாமதமாக.

ஜேவுக்கு எண் கொடு. உன் மெஷினில் எட்டு த்ரெட் இருக்கிறது என்பதற்காக எட்டு கொடுக்காதே. பிரவுசரை மூடிவிட்டு, மிச்சமிருக்கும் ராமை ஒன்றரையால் வகுத்து வருவதைக் கொடு. மூன்றோ நாலோ வரும். அதுதான் உன் எண். மேக்குக்குப் பதில் நிஞ்சா பயன்படுத்தினால் இன்னும் நல்லது, ஆனால் அதுவும் தானாக விட்டால் ப்ராசஸர் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிக்கொண்டு ஓடும். அதற்கும் ஜே சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது, உன் அறைத் தோழன் 64 ஜி.பி. ராம் வேண்டும் என்று சொன்னானே, அது. அவன் பொய் சொல்லவில்லை, வேறு ஒன்றின் கணக்கைச் சொல்லியிருக்கிறான். ஆண்ட்ராய்டு முழுவதையும் சோர்ஸிலிருந்து கட்ட கூகுள் கேட்பது 64 ஜி.பி. ராம், 400 ஜி.பி. காலி டிஸ்க். அவர்களுடைய 72 கோர் மெஷினில் அது 40 நிமிடம், 6 கோர் மெஷினில் 6 மணி நேரம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அது ஒரு போனுக்குள் இருக்கிற அத்தனையும். நீ கட்டப்போவது ஒரு கம்பைலர்.

எல்.எல்.வி.எம். தன் பக்கத்தில் கேட்பதைப் பார். பில்டைத் தயார்செய்யும் சிமேக் 3.20, பைதான் 3.8, ஜி.சி.சி. 7.4 அல்லது கிளாங் 5. இவை குறைந்தபட்சம். டிஸ்க் பற்றி ஒரு வரி: டீபக் பில்டுக்கு 15லிருந்து 20 ஜி.பி. வரை. அதற்குக் கீழேயே ரிலீஸ் பில்டுக்கு மிகக் குறைவாகப் போதும் என்று இருக்கும். நிறையப் பேர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த 20 ஜி.பி.யில் பெரும்பகுதி டீபக் தகவல், அதாவது கம்பைலரையே பிழை பிடித்துப் பார்ப்பதற்காக ஒவ்வொரு ஃபைலிலும் ஒட்டி வைக்கப்படும் குறிப்புகள். நீ எல்.எல்.வி.எம்.மின் சி கம்பைலரான கிளாங்குக்குள் பிரேக் பாயின்ட் வைத்து ஒவ்வொரு வரியாக நடக்கப் போகிறாயா? இப்போதைக்கு இல்லை. அப்படியானால் ரிலீஸ் போடு. பிழைகளை உள்ளிருந்தே எச்சரிக்க அசெர்ஷன்களை மட்டும் ஆன் செய்துகொள். நான் ஆபீசில் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ராமுக்கு உண்மையான சோதனை கம்பைல் நடக்கும்போது வராது, கடைசியில் லிங்க் பண்ணும்போது வரும். ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் ஒரே ப்ரோக்ராமாகத் தைக்கிற இடம் அது. டீபக்கில் கிளாங்கின் ஒரு லிங்க்குக்கே பல ஜி.பி. போகும். நாலு லிங்க் சேர்ந்து ஓடினால் 98 சதவீதம் முடிந்த இடத்தில் செத்து விழும். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். இதற்கென்றே சிமேக்கில் ‘பேரலல் லிங்க் ஜாப்ஸ்’ என்று ஒரு விருப்பம் வைத்திருக்கிறார்கள், அதை 1 என்று வை. அது நிஞ்சாவோடு மட்டும்தான் வேலை செய்யும். நிஞ்சாவைப் பயன்படுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய லிங்க்கருக்குப் பதில் எல்.எல்.டி. கிடைத்தால் அதைச் சொல், நேரமும் நினைவகமும் குறையும். 8 ஜி.பி.க்கு ஒரு ஸ்வாப் ஃபைலும் போட்டு வை. எஸ்.எஸ்.டி.யில் ஸ்வாப் மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கடைசி லிங்க்கைக் கரை சேர்த்துவிடும்.

இன்னொரு பெரிய சேமிப்பு உன் கையிலேயே இருக்கிறது. எல்.எல்.வி.எம். தானாக விட்டால் இன்டெல், ஆர்ம், பவர், ஸ்பார்க் என்று டஜனுக்கு மேற்பட்ட ப்ராசஸர்களுக்கும் சேர்த்துக் கட்டும். உனக்கு எதற்கு அத்தனையும்? உன் காலேஜ் லேபில் சக்தி ப்ராசஸரை எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஓட்டுகிறீர்கள், அதற்குத்தானே இத்தனை பாடும்? ஐ.ஐ.டி. மெட்ராஸில் காமகோடி குழு உண்டாக்கிய சக்தி, ஆர்.ஐ.எஸ்.சி. ஃபைவ் வகை. எல்.எல்.வி.எம். 2019 செப்டம்பரில் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து அதை முழுமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. டார்கெட் என்கிற இடத்தில் அது ஒன்றையும், உன் லேப்டாப்பிலேயே சோதித்துப் பார்க்க இன்டெல்லையும் மட்டும் கொடு. வேலை எவ்வளவு குறைகிறது என்று நீயே பார்ப்பாய்.

இங்கே நிறுத்தி ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு கம்பைலர் வேண்டுமா, கம்பைலரைக் கட்ட வேண்டுமா? சக்தியில் ஒரு எல்.இ.டி.யை மின்ன வைக்க, ஒரு சென்சாரைப் படிக்க, சி ப்ரோக்ராம் ஓட்ட மட்டும் என்றால் எதையும் கட்ட வேண்டியதே இல்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் ஆர்.ஐ.எஸ்.சி. ஃபைவுக்கான ஜி.சி.சி. தயார் பேக்கேஜாகவே இருக்கிறது. சக்தி குழுவும் கட்டி முடித்த டூல்களைத் தனியாகக் கொடுக்கிறது. இறக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். நான் வேலை செய்யும் இடத்தில் வண்டிக்குள் போகும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். அங்கே எண்பது பேரில் கம்பைலரை சோர்ஸிலிருந்து கட்டுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் யாரும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் நீ சக்தியில் புதிதாக ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் சேர்த்து, அதைக் கம்பைலரே தானாக எடுத்து எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே தீபாவளிக்கு வந்தபோது, அந்த எண்ணம் இன்னும் இருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். அப்படிக் கட்ட ஆசைப்பட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

கட்டுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேவைப் பட்டியலை எடுத்துப் பார், கம்பைலர் கட்டத் தேவையானவற்றில் முதலாவது ஒரு கம்பைலர். 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி.யைக் கட்ட ஒரு சி கம்பைலர் இருந்தால் போதுமாக இருந்தது. 2013இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து சி++ கம்பைலர் இல்லாமல் அதைக் கட்ட முடியாது, ஏனென்றால் அதற்குள் அவர்கள் ஜி.சி.சி.யையே சி++க்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு மேல் ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர்., எம்.பி.சி. என்று மூன்று கணித லைப்ரரிகள். இவற்றைத் தேடி அலைய வேண்டாம், சோர்ஸுக்குள் ‘கான்ட்ரிப்’ ஃபோல்டரில் எல்லாவற்றையும் இறக்கித் தருகிற ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. மறக்காமல், சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே கான்ஃபிகர் செய்யாதே. வெளியே தனி ஃபோல்டர் வைத்துக் கட்டு, அதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

ஜி.சி.சி. தன்னையே மூன்று தடவை கட்டிக்கொள்ளும். அதை முதலில் கேட்டபோது எனக்கு நம் ஊர் என்ஃபீல்டு கதைதான் ஞாபகம் வந்தது. தாத்தா சொல்லி நீ கேட்டிருக்க மாட்டாய், நீ அப்போது கைக்குழந்தை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து, 1956இல் இங்கே திருவொற்றியூரில் புல்லட் தொடங்கியபோது, பாகங்கள் இங்கிலாந்து ரெட்டிச் ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கும். இங்கே பூட்டி வெளியே அனுப்புவார்கள். பிறகு கருவிகளும் வந்தன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்தாயிற்று. ஜி.சி.சி.யின் முதல் கட்டத்தில் உன் மெஷினில் ஏற்கெனவே இருக்கிற அயல் கம்பைலர்தான் புதியதைக் கட்டித் தரும். இரண்டாம் கட்டத்தில், அப்படிப் பிறந்த புதியது அதே சோர்ஸிலிருந்து தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். மூன்றாம் கட்டத்தில் அந்த இரண்டாவது, இன்னொரு தடவை. பிறகு இரண்டாம் கட்டத்து ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் மூன்றாம் கட்டத்து ஃபைல்களையும் பைட் பைட்டாக ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் சரி, வித்தியாசம் இருந்தால் எங்கோ தவறு, பில்டு அங்கேயே நின்றுவிடும். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1977இல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. கட்டிக்கொடுத்த கம்பைலரை அழித்துவிட்டாலும் புதியது நிற்கும் என்று தாத்தாவுக்கு ஜி.சி.சி.யைச் சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

ஆனால் இந்த மூன்று கட்டம் உனக்கு வேண்டியதில்லை, அதற்காக நேரத்தை மூன்றால் பெருக்கிப் பயந்துகொள்ளாதே. இன்டெல் மெஷினில் உட்கார்ந்துகொண்டு ஆர்.ஐ.எஸ்.சி. ஃபைவுக்கு எழுதும் கிராஸ் கம்பைலரால் தன்னையே அங்கே ஓட்டிக் கட்டிக்கொள்ள முடியாது. அதனால் அது ஒரே கட்டம்தான். எல்.எல்.வி.எம்.மும் நீ கேட்டால் ஒழிய ஒரு தடவைதான் கட்டும்.

சக்தியைப் பற்றிச் சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன், உன் ஆராய்ச்சி அந்தப் பக்கம் போனாலும் போகும். சக்தி கோர்களை எழுதியிருக்கும் மொழி புளூஸ்பெக். அதன் கம்பைலர் 2020இல்தான் ஓப்பன் சோர்ஸ் ஆனது. அது ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது, ஆகவே அதைக் கட்ட முதலில் ஜி.எச்.சி. என்கிற ஹாஸ்கெல் கம்பைலர் வேண்டும், கூடவே ஃபிளெக்ஸ், பைசன், ஜிபெர்ஃப், டிசிஎல். ஒரு சென்னை ப்ராசஸரைத் தொடக்கத்திலிருந்து கட்ட நினைத்தால் எத்தனை கம்பைலர்களைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது பார். ஜி.எச்.சி.யையும் கட்டுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. பேக்கேஜாகவே எடுத்துக்கொள்.

உன் லேப்டாப்புக்கு வருகிறேன். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா லேப்டாப் திட்டம் தொடங்கிய முதல் சுற்றில் எனக்குக் கிடைத்ததில் 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். நீ அதில் கார் ரேஸ் விளையாடி கீபோர்டில் ‘டி’ பட்டனைப் பிடுங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த 2 ஜி.பி.யில் நான் ஜி.சி.சி. கட்டியிருக்கிறேன், ஜேவுக்கு 1 கொடுத்து, ராத்திரி முழுக்க. இந்த ஜனவரியில் உனக்குக் கிடைத்திருப்பதில் 8 ஜி.பி., 256 எஸ்.எஸ்.டி. அதை ஏழை மெஷின் என்று சொல்லாதே. இரண்டு டார்கெட்டுக்கு மட்டும் என்றால் ரிலீஸ் பில்டு சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதில் உண்மையாகவே தடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, 256இல் பெரும்பங்கை விண்டோஸ் எடுத்துக்கொண்டிருக்கும், லினக்ஸுக்கு எவ்வளவு பிரித்திருக்கிறார்கள் என்று ‘டிஎஃப்’ போட்டுப் பார். 30 ஜி.பி. காலியாக இல்லை என்றால் முதலில் பார்ட்டிஷனைச் சரிசெய். இரண்டு, சிமேக்கின் வயது. லேப்டாப்போடு வந்த பாஸ் லினக்ஸ், சி-டாக் உண்டாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எந்த டெபியன் என்று பார்த்துக்கொள். டெபியன் 11 என்றால் அதில் சிமேக் 3.18தான், எல்.எல்.வி.எம். கேட்கும் 3.20க்கு எட்டாது, கான்ஃபிகரிலேயே நின்றுவிடும். டெபியன் 12இல் 3.25, கவலை இல்லை. பழையதாக இருந்தாலும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கழற்றிப் போட வேண்டாம், பைதானின் ‘பிப்’ வழியாகப் புது சிமேக் இறக்கிக்கொள்ளலாம். நிறையப் பேருக்கு பில்டு நிற்பது இந்த மாதிரிச் சின்ன இடத்தில்தான். மெஷினை மாற்றினாலும் அது அப்படியே கூட வரும்.

டேட்டாவைப் பார்த்துச் செலவழி. ஹாஸ்டல் வைஃபை எப்படி என்று தெரியவில்லை. ஆர்.ஐ.எஸ்.சி. ஃபைவ் ஜி.சி.சி. டூல்செயினை கிட்டில் முழுதாக இறக்கினால் 6 ஜி.பி.க்கு மேல் போகும். போனில் தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டிருக்கிறவன் அதைத் தொடவே கூடாது. எல்.எல்.வி.எம்.முக்கு முழு வரலாறும் வேண்டாம், கிட்டில் டெப்த் 1 என்று கொடு, அல்லது ரிலீஸ் சோர்ஸை ஒரே சுருக்கப்பட்ட ஃபைலாக எடுத்துக்கொள், அது 200 எம்.பி.கூட வராது.

கரண்ட் போனாலும் பதறாதே. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் 2024இல் 800 மெகாவாட்டில் புது அலகு ஒன்று வந்தாயிற்று, காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டே இருக்கிறது, இருந்தாலும் நம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் மழைக்குத் தும்மினால் ராத்திரி முழுக்க விசிறிமட்டைதான். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். பில்டு பாதியில் நின்றால் நிஞ்சாவை மறுபடி கூப்பிடு, முடித்ததை விட்டுவிட்டு மீதியிலிருந்து தொடரும். ‘கிளீன்’ மட்டும் அடித்துவிடாதே, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும். மெத்தை மேல் லேப்டாப்பை வைத்துக் கட்டாதே. காற்றோட்டம் அடைத்துச் சூடேறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீ மெஷின் மோசம் என்பாய்.

இவ்வளவும் செய்தும் போதவில்லை என்றால், அப்போதும் புது லேப்டாப் இரண்டாவதுதான். முதலில் பின் மூடியைத் திறக்காமலேயே ‘டிஎம்ஐ டீகோட்’ கட்டளையில் காலி ராம் ஸ்லாட் இருக்கிறதா என்று பார். இருந்தால் இன்னொரு 8 ஜி.பி. போடலாம். ராம் விலை இப்போது ஏறித்தான் கிடக்கிறது, ஆனாலும் 80 ஆயிரத்தின் பக்கத்திலேயே வராது. நீ லீவுக்கு வரும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன். காசு நான் தருகிறேன். கேமிங் மெஷினில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு கம்பைலர் கட்ட ஒரு துளிகூட உதவாது. கேம் விளையாட வேண்டும் என்றால் அதைத் தனியாகக் கேள், அதற்கு வேறு பதில் சொல்கிறேன்.

அப்பாவிடம் பேசிவிட்டேன். முன்பணம் வேண்டாம் என்று வொர்க்‌ஷாப்பில் சொல்லிவிடுவார். நீ தனியாக அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணிவிடு.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் தொடங்கு. அதற்கு முன்னால் ‘என்ப்ராக்’, ‘ஃப்ரீ’, ‘டிஎஃப்’, ‘சிமேக் வெர்ஷன்’ நாலும் என்ன காட்டுகிறது என்று எனக்கு அனுப்பு. சிமேக் கட்டளையை நான் எழுதித் தருகிறேன், அதை அப்படியே ஒட்டாமல் ஒவ்வொரு விருப்பமும் எதற்கு என்று கேட்டுவிட்டு அடி. நான் பன்னிரண்டு மணி வரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா